யாழ்ப்பாணத்தில வந்து குடியேறினவைக்கு: இன்டர்நேஷனல் ஸ்கூலில காசு கட்ட முதல்

லண்டன், கனடாவில இருந்து பிள்ளையளோட வந்திருக்கிறவை பாடசாலையைப் பாக்க முதல், பிள்ளை எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் எண்டதை யோசியுங்கோ. இலங்கை அரச பல்கலைக்கழகங்களுக்கு வழமையான அனுமதி உள்ளூர் உயர்தரத்தின் இசட் புள்ளியை (பாடங்களை ஒப்பிட்டுச் சமப்படுத்திக் கணக்கிடுற புள்ளி) வச்சுத்தான். இன்டர்நேஷனல் ஸ்கூலில எழுதிற பிரிட்டிஷ் உயர்தரமான லண்டன் ஏ.எல். இல எவ்வளவு திறமான பெறுபேறு வந்தாலும் அந்த வரிசையில சேராது. இந்த வழமையான வழியில யாழ்ப்பாண மருத்துவ பீடம்தான் எண்ணமெண்டால் பிள்ளை உள்ளூர் உயர்தரம் எழுதத்தான் வேணும்.

திரும்ப லண்டனுக்கு அனுப்பிறதெண்டாலும் ஒரு சிக்கல் இருக்கு. பிரிட்டிஷ் பாஸ்போட் இருந்தாலும், படிப்புத் தொடங்க முதல் 3 வருஷம் அங்க வசிக்காட்டி, பொதுவா வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம்தான் கேப்பினம். இதைப் பலர் கடைசி வருஷத்தில்தான் கண்டுபிடிக்கினம்.

அடுத்தது ஆய்வுகூடம். உள்ள போய்க் கண்ணால பாருங்கோ. கேம்பிரிட்ஜ், எடெக்ஸல் எண்டது ரெண்டும் லண்டன் ஏ.எல். நடத்திற பிரிட்டிஷ் பரீட்சைச் சபையள் (போர்ட்). கேம்பிரிட்ஜ் ஏ.எல். பௌதிகவியலில பேப்பர் 3 உண்மையான செய்முறைப் பரீட்சை: 2 மணித்தியாலம், 40 புள்ளி, பிள்ளை தானே அளந்து, அட்டவணை போட்டு, வரைபு கீறவேணும். இரசாயனவியலுக்கு பியூரெட், பிப்பெட் பிடிச்சுப் பழகின கை வேணும். எடெக்ஸல் சர்வதேச ஏ.எல். இல யூனிட் 3உம் 6உம் செய்முறை அறிவைக் கேக்கிற எழுத்துப் பேப்பர்தான். ஆய்வுகூடம் வசதியில்லாத இடத்தில கேம்பிரிட்ஜ் ஏ.எல். விஞ்ஞானத்துக்குச் சேர்க்காதேங்கோ. கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.ஈ. (ஏ.எல். க்கு முதல் எழுதிற, சாதாரண தரம் மாதிரியான பரீட்சை) மட்டத்தில செய்முறைக்குப் பதிலா பேப்பர் 6 எண்ட எழுத்துப் பேப்பர் எழுதலாம். அதால ஆய்வுகூடம் இல்லாத குறை வெளியில தெரியாது, ஏ.எல். வரேக்கைதான் பிடிபடும்.

ஐ.ஜி.சி.எஸ்.ஈ. க்குப் படிக்கிற இயர் 10, 11 ரெண்டும் சேர்ந்து ஒரே பாடநெறி. இடையில போர்ட் மாத்தினால் படிச்ச அலகு திரும்ப வரும், படிக்காதது விடுபட்டுப் போகும். மாறுறதெண்டால் இயர் 9 முடிய மாறுங்கோ.

காசு விஷயத்தில தவணைக் கட்டணத்தை மட்டும் கேக்காதேங்கோ. அனுமதிக் கட்டணம் திரும்பக் கிடைக்குமோ, வைப்புப் பணம் எப்ப திருப்பித் தருவினம் எண்டதை எழுத்தில வாங்குங்கோ. பரீட்சைக் கட்டணம் பாடத்துக்குப் பாடம் வேற.

இன்னுமொண்டு: இங்க வகுப்புக்கு வெளியில பிள்ளையள் தமிழிலதான் கதைக்குங்கள், விளையாடுங்கள். தமிழ் கதைச்சாலும் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு முதல் தவணையிலேயே தமிழ் ரியூசன் ஒழுங்கு செய்யுங்கோ. கிழமைக்கு ரெண்டு நாள், பள்ளிக்கூடப் புத்தகம் இல்லாமல் பத்திரிகைத் தலைப்பு, கடைப் பெயர்ப்பலகை வாசிக்கப் பழக்கினால் கெதியாப் பிடிச்சிடுங்கள்.