அம்மாவின் இன்சுலினைக் குளிர்ச்சியாக மெல்பர்ன் கொண்டுபோக வழி சொல்லுங்கள்

அக்கா, அண்ணன்மாரே, வியாழன் இரவு அம்மா கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவிலிருந்து மெல்பர்னில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறார், வயது 68, தனியாகத்தான். திறக்காத இன்சுலின் பேனா ஆறு, 3 மில்லி அளவு, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும். வெளியே எடுத்தால் சுமார் நாலு வாரம்தான் தாங்கும், அம்மா தங்கப்போவதோ மூன்று மாதம். செந்தூல் வீட்டிலிருந்து தம்பி வீட்டு ஃபிரிட்ஜ் வரை எப்படியும் 15 மணி நேரம் ஆகிவிடும்.

சாப்பாட்டுக் குளிர்ப்பையில் இரண்டு ஜெல் பேக் வைத்துப் பார்த்தேன், ஐந்து மணி நேரத்தில் வெப்பமானி 14 காட்டியது. சரி என்று ஐஸைக் கூட்டினால், ஒட்டிக்கிடந்த ஒரு பேனா உறைந்தே போனது, உறைந்ததைப் போடக் கூடாது, மனசில்லாமல் வீசினேன். தண்ணீரில் ஊறவைக்கும் பை நம் ஊர்ப் புழுக்கத்தில் 27க்குக் கீழே இறங்கவே இல்லை. பெரிய பெட்டியில் போட்டு அனுப்பவும் பயம், சரக்கு அறையில் உறைந்துவிடலாம். விமானத்தில் ஃபிரிட்ஜில் வைக்க மாட்டார்களாம், கேட்டுவிட்டேன். டாக்டர் கடிதம், மருந்துச் சீட்டு இரண்டும் ஆங்கிலத்தில் தயார்.

இவ்வளவு நேரம் இன்சுலினை உறையாமல் குளிர்ச்சியாக வைத்திருக்கும் எந்தப் பையைப் புதன்கிழமைக்குள் கேஎல்லில் எங்கே வாங்கலாம்?