ஒரு பதிப்பில் ஊறிய பழக்கம் இன்னொரு பதிப்பில் கவிழ்த்த கதைகள்

வாலில்லா டிராகன்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதாபாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் எந்தப் பதிப்பு சிறந்தது என்ற சண்டையை நாம் போதும் போதும் என்கிற அளவுக்குப் போட்டாயிற்று. நான் கேட்பது வேறு. ஒரு பதிப்பில் வருடக்கணக்காக ஆடி, யோசிக்காமலே செய்யும் அளவுக்குப் பழகிப்போன ஒன்று, வேறு பதிப்பு மேசையில் உட்கார்ந்தபோது உங்கள் காலை வாரியதா? வெட்கத்தை விட்டு என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் ஆடக் கற்றுக்கொண்டேன். ஆறு வருடமும் மந்திரவாதிதான். ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் எனக்கு இட்லிக்குச் சட்னி மாதிரி, எதற்கும் தொட்டுக்கொள்வேன். போன வருடம் நண்பன் ஒருவனின் அண்ணன் 1989இன் இரண்டாம் பதிப்பை நடத்துவதாகக் கூப்பிட்டார். பரணிலிருந்து இறக்கிய புத்தகம், பக்கமெல்லாம் பழுப்பு. ஐந்தாம் நிலை மந்திரவாதி ஒருத்தியைக் கொடுத்தார். அவளுக்கு 11 ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஒரு சுரங்க வழி. எதிரே அறுபதடி தூரத்தில் எலும்புக்கூடுகள் கூட்டமாக நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் சுவர், வழி முடிகிறது. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்: ஃபயர்பால் ஆரம் 20 அடி, நாங்கள் நிற்பது அறுபதடியில், ஒரு பொறிகூட மேலே படாது. "ஃபயர்பால்" என்றேன். அண்ணன் பகடையை எடுக்காமல் என்னையே பார்த்தார். "நிஜமாகவா?" என்றார். ஆட்டத்தை நடத்தும் டிஎம் அப்படிக் கேட்டால் ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும். நான் நிதானிக்கவில்லை.

இரண்டாம் பதிப்பில் ஃபயர்பால் என்பது ஆரம் மட்டுமல்ல, கொள்ளளவும்தான். ஏறக்குறைய 33,000 கன அடி நெருப்பு. திறந்த வெளியில் அது உருண்டையாக விரியும். அடைத்த இடத்தில், கிடைத்த வழியிலெல்லாம் நிரம்பிக்கொண்டு வரும். புத்தகமே எளிதாக்கிச் சொல்கிறது: பத்தடிக் கனசதுரம் 33. எங்கள் சுரங்க வழியில் அவற்றை வரிசையாக அடுக்கினால் 330 அடி நீளம். பின்னால் சுவர். அப்படியானால் நெருப்பு எந்தப் பக்கம் வரும்?

வந்தது. 5 பகடை உருட்டினார், கூட்டினால் 21. ஐந்தாம் பதிப்பில் இதே மந்திரத்துக்கு 8 பகடை. ஆகச் சேதம் அங்கே அதிகம், ஆனால் அது நம்மைத் தேடி வராது. ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் சேவிங் த்ரோவில் நான் தோற்றேன். 11இலிருந்து 21ஐக் கழித்துக்கொள்ளுங்கள். திருடன் சேவ் செய்து பாதியோடு தப்பினான். போர்வீரன் தலைமுடி மட்டும் கருகி நின்றான். நான் செத்ததோடு முடியவில்லை. சேவ் தோற்றவரின் கையில் இருக்கும் பொருள்களுக்கும் தனித்தனியாக சேவிங் த்ரோ உண்டாம். மந்திரச் சுருள்கள் மூன்றும் போயின. எலும்புக்கூடுகள் காவல் காத்த வெள்ளிக் காசுகள் உருகித் தரையோடு ஒட்டிக்கொண்டன. மென்மையான உலோகங்களை உருக்கும் என்று அந்த மந்திரத்தின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

அடுத்தவர் சொல்லுங்கள்.

மைனஸ் மூன்று

உங்கள் கதைக்குத் தலைகீழ் என்னுடையது. நான் கல்லூரியில் இரண்டாம் பதிப்பில்தான் தொடங்கினேன். அதில் எல்லோரையும் அலறவைத்த சொல் 'தாக்கோ'. அதை முதலில் கேட்டபோது ஏதோ தமிழ்ச் சொல் என்றே நினைத்தேன். தாக்கு, தாக்கோ, பொருளும் கிட்டத்தட்ட அதுதானே. உண்மையில் அது THAC0 என்ற ஆங்கிலச் சுருக்கம். ஆர்மர் கிளாஸ், அதாவது கவசத்தின் ஏசி எண், பூஜ்யமாக உள்ள எதிரியை அடிக்க இருபது முகப் பகடையில் என்ன விழ வேண்டுமோ, அந்த எண். முதல் நிலை போர்வீரனுக்கு 20, நிலைக்கு ஒன்றாகக் குறையும். அதிலிருந்து எதிரியின் ஏசியைக் கழிக்க வேண்டும். தாக்கோ 16, ஏசி 4 என்றால் 12 விழ வேண்டும். ஏசி மைனஸ் 3 என்றால் 19. ஆம், மைனஸ் உண்டு. ஏசி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்ல கவசம்.

இதைப் புதியவர்களுக்கு விளக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். வீட்டு ஏசியை 26இல் வைத்தால் லேசான குளிர், 18இல் வைத்தால் நடுக்கம். எண் குறைய வேலை அதிகம். அவ்வளவுதான் விஷயம். ஒருவருக்குக்கூட மறக்கவில்லை.

2000இல் மூன்றாம் பதிப்பு வந்து எல்லாவற்றையும் நிமிர்த்திப் போட்டது. ஏசி அதிகமானால் நல்லது. பகடையோடு போனஸைக் கூட்டு, ஏசியை எட்டினால் அடி விழுந்தது. கணக்கு ஒன்றுதான்: ஏசி 4ஐ 20இலிருந்து கழித்தால் 16, தாக்கோ 16ஐ அப்படியே கழித்தால் +4. 12 விழுந்தால் 12ம் 4ம் 16. வாய்ப்பு மாறவே இல்லை, கழித்தல் கூட்டலானது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கூட்டல் வந்தபின் எங்கள் மேசையில் சண்டை பாதி நேரத்தில் முடிந்தது. கழித்தலுக்கு நாங்கள் அத்தனை மந்தம் என்று அப்போதுதான் தெரிந்தது.

கவிழ்ந்த கதை? கடையில் 'ஏசியைக் கூட்டும் மோதிரம்' என்று டிஎம் சொன்னதும், சாபம் பிடித்த மோதிரம் என்று நினைத்து வேண்டாம் என்றுவிட்டேன். பழைய கணக்கு. அந்த மோதிரத்தை வாங்கியவன் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

ஒற்றை ஹெச்பி

சின்னக் கதை. ஐந்தாம் பதிப்பில் பூஜ்யத்துக்கு விழுந்தால் பதறமாட்டோம். மூன்று சேவ் ஜெயித்தால் நிலை தேறும், மூன்று தோற்றால் சாவு, நடுவில் 20 விழுந்தால் எழுந்தே உட்காரலாம். 1981ஆம் வருடத்து 'பேசிக்' என்ற பழைய பதிப்பின் விதியில் ஆட உட்கார்ந்தேன். மந்திரவாதிக்கு ஹிட் பாயிண்ட் நான்கு முகப் பகடையில். எனக்கு 1 விழுந்தது. தாயத்தில் ஒன்று விழுந்தால் கொண்டாட்டம், இங்கே அது ஆயுள். முதல் அறையில் கோப்ளின் என்ற குட்டி அரக்கன் ஒன்றின் அம்பு. "சரி, டெத் சேவ் உருட்டுகிறேன்" என்று பகடையை எடுத்தேன். டிஎம் எதுவும் சொல்லாமல் புதிய தாள் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். பூஜ்யம் என்றால் சாவு, நடுவில் ஒன்றும் கிடையாது.

ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த ஆளை உருவாக்க ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. மூன்று பகடை, ஆறு முறை, விழுந்த வரிசையிலேயே எழுது. சாவு மலிவாக இருந்தால் பிறப்பும் மலிவாகத்தானே இருக்க வேண்டும்.

அடிக்குறிப்பு அண்ணாச்சி

எனக்கு ஃபயர்பாலைவிட, எதிரியைத் தூங்கவைக்கும் ஸ்லீப்தான் சுவாரசியம். முதல் நிலை மந்திரம். ஒவ்வொரு பதிப்பிலும் அதே பெயர், உள்ளே வேறு வேறு ஆள்.

எங்கள் மேசையில் பழைய பேசிக் ஆட்டக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார், ஐம்பது வயதுக்கு மேல். 2014 பதிப்பில் ஆடிக்கொண்டிருந்தோம். ஓகர் என்ற ராட்சதன் ஒன்று கதவை உடைத்துக்கொண்டு வந்தது. நாங்கள் பின்வாங்க, அவர் எழுந்து நின்று "தம்பிகளா, விடுங்கள், இவன் என் ஆள்" என்றார். ஸ்லீப் போட்டார். அவர் கணக்கு அவருக்குச் சரி. 1981 விதியில் ஸ்லீப்புக்கு சேவிங் த்ரோவே கிடையாது. ஹிட் டைஸ் என்ற பல அளவில் 4+1 வரை உள்ள பெரும்பாலான எதிரிகளைத் தூங்கவைக்கும், ஓகர் சரியாக அந்த 4+1இல்தான் நிற்கும். எல்லையில் நிற்கும் ஓகரை ஒரே சொல்லில் சாய்ப்பதுதான் அந்தக் காலத்து மந்திரவாதிக்குப் பெருமை. நாளைக்கு ஒரே மந்திரம், அது இது.

2014இல் அது ஹிட் டைஸைப் பார்க்காது, மீதமுள்ள ஹிட் பாயிண்டைப் பார்க்கும். 5 எட்டுமுகப் பகடை உருட்டி, வந்த கூட்டுத்தொகைக்குள் அடங்குபவர்கள்தான் தூங்குவார்கள். அவருக்கு 24 விழுந்தது. ஓகருக்கு 59. கொட்டாவிகூட விடவில்லை. மனிதர் உட்கார்ந்தார், பாவம்.

இதன் மறுபக்கமும் பார்த்தேன். அதே மாதம் அவர் பேசிக் நடத்தினார். எங்கள் பெண் ஒருத்தி 2014 பழக்கத்தில், கோப்ளின்கள் அடிபட்டுச் சோர்ந்துபோகட்டும், கடைசியில் ஸ்லீப் போடலாம் என்று கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். அங்கே காயம் கணக்கிலேயே இல்லை. முதல் சுற்றில் போட்டிருந்தால் கூட்டமே சாய்ந்திருக்கும். அவள் போட்டபோது எங்கள் போர்வீரன் உயிரோடு இல்லை.

இடையில் மூன்றாம் பதிப்பின் திருத்தமான 3.5 பதிப்பு வேறு: மொத்தம் 4 ஹிட் டைஸ்தான், சேவ் உண்டு, போடவே ஒரு முழுச் சுற்று ஆகும். நான்காம் பதிப்பில் முதலில் கால் தளரும், அப்புறம்தான் தூக்கம். ஐந்தாம் பதிப்பின் 2024 திருத்தத்தில் விஸ்டம் சேவ், அதுவும் இரண்டு முறை தோற்றால்தான் முழுத் தூக்கம். மந்திரம் வருடத்துக்கு வருடம் மரியாதை கற்றுக்கொண்டு வருகிறது. எனக்கு 1981தான் பிடிக்கும். ஒரே ஒரு தோட்டா, ஆனால் குறி தப்பாது.

நான்காம் பதிப்புக் கட்சி

எல்லோரும் தாண்டிப் போகிற 2008 பதிப்புக்கு நான் ஒருவனாவது பேச வேண்டும். 'கணினி விளையாட்டை மேசைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்' என்று திட்டாத ஆள் இல்லை. 3.5ஐ விட மனமில்லாதவர்களுக்காகவே 2009இல் பாத்ஃபைண்டர் என்ற வேறு விளையாட்டு வந்தது. சரி, அவரவர் விருப்பம்.

நான் எப்போதும் போர்வீரன் ஆடுகிறவன். 3.5இல் என் முறை வந்தால் "அடிக்கிறேன்", அடுத்த முறை "திரும்ப அடிக்கிறேன்". பக்கத்தில் கிளெரிக், அதாவது பூசாரி, ஆடுகிறவர் ஏழு ஆசீர்வாதங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு என்னைவிட நன்றாகச் சண்டை போடுவார். நான்காம் பதிப்பில்தான் முதல் தடவையாக எனக்கு யோசிக்க வேலை வந்தது. எப்போதும் செய்யக்கூடியது, ஒரு சண்டைக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு ஒரு முறை என்று மந்திரவாதிக்கு உள்ள அதே அடுக்கு எனக்கும். எதிரி மேல் நான் குறி வைத்துவிட்டால், என்னை விட்டுவிட்டு வேறு யாரையாவது அடிக்கப் போனால் அவனுக்கு −2, கூடவே என் வெட்டும் விழும். ஒரே ஹிட் பாயிண்டோடு வரும் மினியன்கள் எட்டுப் பேர் நடுவில் நின்று சுழன்ற அன்று எனக்கு வயது பதினாறு மாதிரி இருந்தது.

பழக்கம் கவிழ்த்தது ஐந்தாம் பதிப்பில். மந்திரவாதிக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றேன். ஓநாய்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஓடி அவனைக் கடித்தன. "நான் குறி வைத்தேனே" என்றேன். "அது இங்கே கிடையாது மச்சி" என்றான், கடிபட்டுக்கொண்டே. தடுக்க வேண்டுமென்றால் அதற்கென்று ஃபீட் என்ற தனித் திறமை ஒன்றை எடுத்திருக்க வேண்டுமாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு சண்டை இரண்டு மணி நேரம் இழுக்கும். அதை மறுக்கமாட்டேன். ஆனால் பாதி ஹிட் பாயிண்ட் போனால் 'ப்ளடீட்' என்று அன்று சொன்னதை 2024இல் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் பாருங்கள். திட்டியவர்கள் யாரும் இப்போது வாய் திறப்பதில்லை.

கரடியோடு கட்டிப்புரண்டவன்

3.5இல் கிராப்பிள், அதாவது எதிரியைக் கட்டிப்பிடிக்கும் விதி. காட்டு மந்திரவாதியான என் ட்ரூயிடின் கரடி ஒரு கொள்ளைக்காரனைப் பிடித்தது. யார் எதை எப்போது உருட்ட வேண்டும் என்று புத்தகத்தைப் புரட்டி, வாதாடி, டீ போட்டுக் குடித்து முடிக்கும்போது நாற்பது நிமிடம். இப்போது 2024இல் எதிரி ஒரு சேவ் உருட்டுகிறான், முடிந்தது. அந்த நாற்பது நிமிடத்தை யாராவது திருப்பித் தருவார்களா?

கிழட்டு டிஎம்

விதி முக்கியமில்லை, டிஎம்தான் முக்கியம் என்று யாராவது எழுதுவதற்குள் முந்திக்கொள்கிறேன். விதிதான் டிஎம்மின் கையைத் திருப்புகிறது. நானே சாட்சி.

ஐந்தாம் பதிப்புப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு பேசிக் நடத்தினேன். பாலத்தின் மேல் ஆறு கோப்ளின்கள். நான் வாயை மூடுவதற்குள் ஐந்து பேரும் இருபது முகப் பகடையைக் கையில் எடுத்துவிட்டார்கள், சண்டையில் யார் முதலில் என்று பார்க்கும் இனிஷியேட்டிவுக்கு. "யாரும் இன்னும் ஆயுதத்தைத் தொடவே இல்லையே" என்றேன். அந்த விதியில் எதிர்ப்படுபவர்கள் என்ன மனநிலையில் இருக்கிறார்கள் என்பதை நான் இரண்டு ஆறுமுகப் பகடையில் பார்க்க வேண்டும். 2 விழுந்தால் பாய்வார்கள், 12 என்றால் தோழமை. எனக்கு 10 விழுந்தது. பேசினால் கேட்பார்கள். கோப்ளின் தலைவன் கையை உயர்த்தி, பாலத்துக்குச் சுங்கம் கேட்டான். கொடுத்தால், ஓகர் தூங்கும் இடமும் அது பதுக்கிய 800 பொன்னும் எங்கே என்று சொல்லத் தயாராக இருந்தான்.

வெட்டினார்கள். இரண்டு கோப்ளின் விழுந்தன, முதல் சாவுக்கு அவற்றின் துணிச்சலைச் சோதிக்கும் மொரால் உருட்டினேன், தோற்றது, மிச்சம் நான்கும் ஓட்டம். ஓடவிட்டுத் துரத்தித் துரத்தி நான்கையும் கொன்றார்கள். மூச்சு வாங்க வந்து "எவ்வளவு எக்ஸ்பி?" என்றார்கள், அதாவது நிலை உயரச் சேர்க்கும் அனுபவப் புள்ளி. கோப்ளினுக்கு 5. ஆறுக்கும் 30. ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 6. போர்வீரனுக்கு அடுத்த நிலைக்கு 2,000 வேண்டும். ஒரு பொன்னுக்கு ஒரு எக்ஸ்பி என்ற விதியை அப்போதுதான் வாசித்துக் காட்டினேன். மேசையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

வாலில்லா டிராகன்

கிழட்டு டிஎம் ஐயா, அந்த 800 பொன் கடைசியில் கிடைத்ததா?

கிழட்டு டிஎம்

எங்கே? வழி தெரிந்த ஆறு பேரையும் கொன்றாயிற்றே. இன்னும் அங்கேதான் இருக்கிறது. வேண்டுமானால் நீங்கள் வாருங்கள், ஞாயிறு ஒரு இடம் காலி. ஃபயர்பாலை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், பொன் உருகிவிடும்.