கதவுல அது என்ன ஓட்டை?

குழு: பெரிய வீடு
வெள்ளி இரவு 9.02

செந்தில்: யாராவது முழிச்சிருக்கீங்களா? பீர் கெக் குழாய் சொட்டுது. நாளைக்கு பெரியப்பா ரிட்டயர்மெண்ட் பார்ட்டிக்கு வச்சிருந்தது

செந்தில்: (வீடியோ 0:11)

வித்யா: மறுபடியுமா

அம்மா: எந்த பாத்ரூம்டா? ப்ளம்பரைக் கூப்பிடு

வித்யா: பாத்ரூம் இல்லம்மா. இவன் வீட்ல தயார் பண்ற பீர், அதை வைக்கிற கெக் பீப்பாயோட குழாய்

அம்மா: இன்னும் விடலையா அதை

மாமா: டெஃப்லான் டேப் பத்து சுத்து சுத்து. முடிஞ்சுது

பெரியப்பா: மாப்ள, வேண்டாம். அங்க கசிவை அடைக்கிறது வாஷர்தான், மரை இல்ல. டேப் சுத்தினா வாஷர் சரியா அமுங்காது, இன்னும் கூடத்தான் ஒழுகும்.

மாமா: மாடி பாத்ரூம் குழாய்க்கு நான் சுத்தினதுதான். இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு வந்திருக்கா மச்சான்?

பெரியப்பா: வெளிய வரல. சுவத்துக்குள்ள போகுது.

வித்யா: 😂

சித்தப்பா: வீடியோவுல 11 செகண்டுக்கு 4 சொட்டு. நிமிஷத்துக்கு 22ன்னு வை. 20 சொட்டு 1 மில்லி. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் போகும். கெக்ல மொத்தம் எவ்வளவு?

செந்தில்: 19

சித்தப்பா: நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள என் பங்கு போயிடும்

பெரியப்பா: செந்தில், கணக்கு அப்புறம். முதல்ல கெக் தலையில இருக்கிற கறுப்பு கனெக்டரைத் தூக்கிக் கழட்டு. கறுப்பு பீர் பக்கம், சாம்பல் கார்பன் டை ஆக்சைடு கேஸ் பக்கம், மாத்திக் கழட்டிடாதே. கறுப்பைக் கழட்டினதும் கெக்ல இருக்கிற ஸ்பிரிங் தானா மூடிக்கும். ட்யூப்ல கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கும், குழாய்க்கு அடியில ஒரு ஜக்கு வச்சுத் திறந்து விட்டுடு. இதுக்கு மேல பீர் வீணாகாது. நிதானமா பாக்கலாம்.

செந்தில்: கழட்டிட்டேன். நின்னுடுச்சு 🙏

கௌரி அத்தை: இப்பதான் வீடியோ பாத்தேன். அது என் ஃப்ரிட்ஜ் தானே?

கௌரி அத்தை: கதவுல அது என்ன ஓட்டை?

வித்யா: 🍿

செந்தில்: அத்தை அது ஷாங்க், கதவுக்குள்ள போற பைப். குழாய் கதவு வழியா வெளிய வரணும்ல

கௌரி அத்தை: காய்கறி வைக்கன்னு சொல்லித்தானே கேட்டு வாங்கின

மாமா: எனக்கு அப்பவே தெரியும்

கௌரி அத்தை: உங்களுக்குத் தெரியுமா???

மாமா: ட்ரில் என்னோடதுதான்

பெரியப்பா: அந்தச் சண்டையை அப்புறம் வச்சுக்குங்க. செந்தில், ‘குழாய் சொட்டுது’ன்னு மட்டும் சொன்னா பத்தாது. மூணு இடம் இருக்கு. மூக்கு வழியா சொட்டினா உள்ள தண்டு சரியா மூடல. கைப்பிடிக்குக் கீழ ஈரம்னா அங்க இருக்கிற ஓ-ரிங், அந்த ரப்பர் வளையம். பின்னாடி, குழாயும் ஷாங்க்கும் சேர்ற இடத்துலன்னா ஒண்ணு குழாயை இறுக்கிப் பிடிக்கிற காலர் தளர்ந்திருக்கும், இல்ல வாஷர் போயிருக்கும். பின்னாடி கசியறது வளைஞ்சு ஓடி வந்து மூக்குலதான் சொட்டும், பாத்தா ஏமாந்துடுவ. எல்லாத்தையும் துடைச்சுட்டு மூணு இடத்துலயும் டிஷ்யூ பேப்பர் சுத்து. திரும்ப மாட்டி 5 நிமிஷம் விடு. எது முதல்ல நனையுதுன்னு பாரு.

சித்தப்பா: ரிட்டயர்மெண்ட்ன்னு யார் சொன்னா 😄

இரவு 9.31

செந்தில்: மூக்குதான். மத்த ரெண்டும் காய்ஞ்சே இருக்கு

பெரியப்பா: கடைசியா எப்பக் கழுவின?

செந்தில்: ...

வித்யா: என் பிறந்தநாளுக்கு. எட்டு மாசம்

பெரியப்பா: அதான் விஷயம். இந்தப் பழைய மாதிரி குழாய் பின்பக்கம்தான் மூடும். முன்னாடி மூக்குல தங்கற பீர் காத்துபட்டுக் காய்ஞ்சு பசை ஆயிடும். தண்டு அந்தப் பசையில ஒட்டிக்கிட்டு முழுசா உட்காராது, சொட்டும். கறுப்பை மறுபடி கழட்டிட்டுக் குழாயைப் பிரி. வெந்நீர்ல ஊறப் போடு, சின்ன பிரஷ் விட்டுத் தேய். தண்டு நுனியில இருக்கிற வாஷரை நகத்தால தடவிப் பாரு, வெட்டு இருந்தா மாத்தணும்.

வித்யா: திரும்பப் போடும்போது வாசலைன் தடவலாமா? வீட்ல இருக்கு

பெரியப்பா: கூடாதும்மா. பெட்ரோலியம் சில ரப்பரை ஊத வச்சுடும், நுரையும் நிக்காது. உணவுக்கு ஆகிற சிலிக்கோன் கிரீஸ்தான், அதுவும் ஓ-ரிங்ல ஒரு பொட்டு.

செந்தில்: காலர் அசையவே மாட்டேங்குது. பைப் ரெஞ்ச் போடவா?

பெரியப்பா: போடாதே, குரோம் உரிஞ்சிடும். கொக்கி ஸ்பேனர்னு ஒண்ணு இருக்கும், காலர்ல இருக்கிற ஓட்டையில மாட்டித் திருகணும். பைப் ரெஞ்சுன்னதும் ஞாபகம் வருது. என்னோடது எங்க மாப்ள?

மாமா: அது செந்தில் கிட்ட

செந்தில்: என்கிட்ட இல்ல மாமா 😐

அம்மா: பரண் மேல ஒண்ணு கிடக்கு. யாரோடதுன்னு தெரியல

இரவு 10.20

செந்தில்: ஸ்பேனர் கெக்கோட வந்த டப்பாவுலயே இருந்துச்சு. கழட்டிட்டேன்

செந்தில்: (படம்)

வித்யா: ஐயே. காபி டிகாஷன் காய்ஞ்ச மாதிரி இருக்கு

அம்மா: இதுலயிருந்துதான் எல்லாருக்கும் குடுக்கப் போறியா

சித்தப்பா: எனக்கு வேண்டாம். பங்கை வித்யாவுக்குக் குடு

இரவு 11.05

செந்தில்: கழுவி மாட்டியாச்சு. இப்போ நிமிஷத்துக்கு ஒரு சொட்டுதான். வாஷர்ல ஒரு ஓரத்துல வெட்டு இருக்கு பெரியப்பா

சித்தப்பா: 72 மில்லி. ஒரு நாளைக்கு

பெரியப்பா: வாஷர் மாத்தாம நிக்காது. காலையில தேடு. ராத்திரி கறுப்பு கனெக்டரை மாட்டி வைக்காதே. கேஸ் பக்கம் இணைப்புல சோப்புத் தண்ணி தடவிப் பாரு, குமிழி வந்தா சிலிண்டரையும் மூடிடு. ஜன்னல் திறந்திருக்கட்டும், மூடின ரூம்ல அந்த கேஸ் சேர்றது ஆபத்து. வாஷர் கிடைக்கலன்னா ட்யூப் நுனியில மாட்டுற பிளாஸ்டிக் குழாய் இருக்குமே, கட்டைவிரலால அமுக்குறது? அதை நேரா கறுப்பு கனெக்டர் ட்யூப்ல போட்டு ஊத்து. ஃப்ரிட்ஜைத் திறந்து வச்சு ஊத்தணும், அவ்வளவுதான்.

செந்தில்: அது இருக்கு! புதுசு, பிரிக்கவே இல்ல

கௌரி அத்தை: அப்போ கதவுல ஓட்டை எதுக்குடா?

செந்தில் தட்டச்சு செய்கிறார்...

மாமா: தூங்கலாம் கௌரி

கௌரி அத்தை: நீங்க பேசாதீங்க

அம்மா: நாளைக்கு 5 மணியா 6 மணியா? யாரும் சொல்லல

வித்யா: 6

சித்தப்பா: நான் 5ன்னு சொல்லிட்டேனே எல்லார்கிட்டயும்

பெரியப்பா: அந்தப் பரண் மேல இருக்கிற ரெஞ்சை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க.