திருத்திய பிறகும் வாட்ஸ்அப்பில் தவறான படமே வருகிறது: உதவி தேவை

இரவுப்பணி (கேள்வி)

வணக்கம். பல பத்தாண்டுகளாக அச்சில் வரும் ஒரு நாளிதழின் இணையப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவில் மொத்தம் 4 பேர். இணையதளம், ஃபேஸ்புக் பக்கம், வாட்ஸ்அப் சேனல், டெலிகிராம், எக்ஸ் எல்லாம் எங்கள் கையில்தான்.

இன்று மாலை ஒரு மோசடி வழக்கில் ஒருவர் கைதான செய்தியைப் போட்டோம். கைதானவரின் படம் கிடைக்கவில்லை. அச்சுப் பிரிவின் படக் காப்பகத்தில் பெயரைப் போட்டுத் தேடி, அதே பெயருள்ள வேறொருவரின் படத்தைச் செய்தியோடு இணைத்துவிட்டார்கள். படத்தில் இருப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எப்போதோ ஒரு விழாவில் எடுத்த படம் அது. அவருடைய மகள் போன் செய்து அழுதார். 12 நிமிடத்தில் படத்தை மாற்றிவிட்டோம், தலைப்பிலும் ஒரு சொல்லைத் திருத்தினோம்.

இப்போது தளத்தைத் திறந்தால் எல்லாம் சரி. ஆனால் அந்த லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மேலே அந்த ஆசிரியரின் முகமும் பழைய தலைப்பும்தான் வருகின்றன. ஃபேஸ்புக்கிலும் அப்படியே. தளத்தின் கேஷைக் (தற்காலிகமாக எடுத்து வைத்த நகல்களை) காலி செய்துவிட்டேன், வேறு உலாவியிலும் பார்த்துவிட்டேன். எங்கள் தொழில்நுட்பப் பிரிவு காலையில்தான் வரும். அதுவரை அவர் முகம் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும். என்ன செய்தால் அந்தப் படம் போகும்? அவர் மகளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

கம்பிவடம் (பதில்)

நீங்கள் திருத்தியது ஒரு இடத்தில். அந்தப் படம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் துடைக்க வேண்டும்.

ஃபேஸ்புக் ஒரு லிங்க்கை முதல்முறை பார்க்கும்போது அதன் ரோபோ உங்கள் பக்கத்துக்கு வரும். மூல நிரலில், பகிரும்போது எந்தத் தலைப்பும் படமும் வர வேண்டும் என்று சொல்லும் ஓஜி டைட்டில், ஓஜி இமேஜ் டேக்குகளைப் படித்துத் தன்னிடம் எடுத்து வைத்துக்கொள்ளும். அதன் பிறகு யார் பகிர்ந்தாலும் எடுத்து வைத்ததைத்தான் காட்டும். நீங்கள் மாற்றியது உடனே அதற்குத் தெரியாது. மெட்டாவின் ஷேரிங் டீபக்கர் பக்கத்துக்குப் போய் லிங்க்கைப் போட்டு 'ஸ்க்ரேப் அகெய்ன்' அழுத்துங்கள். முதல் அழுத்தலில் படம் மாறாவிட்டால் இன்னொரு முறை அழுத்துங்கள். நிறைய லிங்க்குகள் இருந்தால் அங்கேயே 'பேட்ச் இன்வேலிடேட்டர்' இருக்கிறது.

டெலிகிராமுக்கு வெப்பேஜ்பாட் என்று அவர்களுடைய பாட் (தானியங்கிக் கணக்கு) ஒன்று உண்டு. அதற்கு லிங்க்கை அனுப்பினால் முன்னோட்டத்தைப் புதுப்பித்துவிடும்.

வாட்ஸ்அப் கதையே வேறு. அங்கே முன்னோட்டத்தைத் தயாரிப்பது அனுப்புகிறவரின் போன். அவர் லிங்க்கை ஒட்டியதும் அவருடைய போன் உங்கள் பக்கத்துக்கு வந்து படத்தையும் தலைப்பையும் எடுத்துச் செய்தியோடு சேர்த்து அனுப்பிவிடும். வாங்குகிறவரின் போன் உங்கள் தளத்தைத் தொடுவதே இல்லை. அதனால் ஏற்கெனவே போய்ச் சேர்ந்ததை நீங்களோ வாட்ஸ்அப்போ மாற்ற வழியில்லை. ஷேரிங் டீபக்கரில் செய்வதும் அங்கே எட்டாது. ஆனால் இனி அனுப்பப்படுவதைச் சரிசெய்யலாம்.

அதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். படத்தை மாற்றியபோது புதிய படத்தைப் பழைய கோப்பின் பெயரிலேயே ஏற்றினீர்களா? அப்படியானால் சிடிஎன் (உங்கள் படங்களின் நகலை வைத்துக்கொண்டு வாசகர்களுக்கு வேகமாகக் கொடுக்கும் சேவையகங்கள்) பழைய படத்தையே கொடுத்துக்கொண்டிருக்கலாம். தளத்தின் கேஷ் வேறு, சிடிஎன் கேஷ் வேறு.

இரவுப்பணி

மிக்க நன்றி அண்ணா. ஃபேஸ்புக்கில் இரண்டாவது அழுத்தலில் மாறிவிட்டது. டெலிகிராமும் சரி.

கோப்புப் பெயர் பற்றி நீங்கள் கேட்டது சரிதான். அதே பெயரில்தான் ஏற்றியிருக்கிறோம், எங்கள் சிஎம்எஸ்ஸில் (செய்திகளைத் தளத்தில் ஏற்றும் மென்பொருளில்) 'ரீப்ளேஸ்' கொடுத்தால் அப்படித்தான் ஆகும். இப்போது வேறு பெயரில் ஏற்றிவிட்டேன். பழைய கோப்பின் முகவரியைச் சிடிஎன் பேனலில் பர்ஜ் செய்ய (வைத்திருக்கும் நகலை நீக்க) எனக்கே அனுமதி இருந்தது, இதுவரை தொட்டதில்லை. இதுவரை இந்த லிங்க்கை அனுப்பாத ஒரு போனிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்தேன், சரியான படம் வருகிறது. என் போனில் மட்டும் இன்னும் பழையது.

கம்பிவடம்

உங்கள் போன் முன்பு எடுத்து வைத்ததைக் காட்டுகிறது. லிங்க்கின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு 'வி=2' என்று சேர்த்து அனுப்புங்கள். போனுக்கு அது புதிய முகவரி, மறுபடி வந்து எடுக்கும். சேனலில் மறுபகிர்வு செய்யும்போதும் அந்த லிங்க்கையே பயன்படுத்துங்கள்.

பழைய படக் கோப்பை அழித்தும்விடுங்கள். பர்ஜ் மட்டும் செய்து கோப்பு சேவையகத்தில் இருந்தால், யாராவது அந்த முகவரியைத் திறந்ததும் சிடிஎன் மறுபடி எடுத்து வைத்துக்கொள்ளும்.

எழுத்தெண்ணி

இடையில் ஒரு சந்தேகம். தலைப்பைத் திருத்தியதாகச் சொன்னீர்கள். உங்கள் லிங்க்கில் தலைப்பு தமிழிலேயே வருகிறதா? வந்தால், தலைப்பு மாறியபோது லிங்க்கும் மாறியிருக்கும். பழைய லிங்க் புதியதற்குத் திருப்பிவிடுகிறதா, பழைய படத்தோடு அப்படியே உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழ் லிங்க்கில் இன்னொரு தொல்லையும் உண்டு. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் (துணைக்குறியும் புள்ளியும்கூடத் தனிக் குறிகள்). முகவரியில் அது விழுக்காட்டுக் குறியோடு எழுதப்படுவதால் 9 எழுத்துகளாகிவிடும். 'விபத்து' என்ற ஒரு சொல்லில் 7 குறிகள், முகவரியில் அது 63 எழுத்து. வேர்ட்பிரஸ் இந்தப் பகுதியை 200 எழுத்துகளில் வெட்டிவிடும், அதாவது ஏறக்குறைய 22 குறிகள். தலைப்பின் தொடக்கம் ஒன்றாக இருக்கும் இரண்டு செய்திகளுக்கு வால் எண் மட்டும் வேறான லிங்க்குகள் கிடைக்கும், அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாக எடுத்துப் பகிர்ந்துவிடுவோம். நாங்கள் சூடுபட்ட பிறகு லிங்க்கில் செய்தி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இரவுப்பணி

பார்த்தேன். எங்களுடையது சொந்த சிஎம்எஸ், லிங்க்கில் தமிழ்த் தலைப்போடு கடைசியில் செய்தி எண்ணும் உண்டு. தலைப்புப் பகுதி எப்படியிருந்தாலும் எண்ணை வைத்து ஒரே பக்கம்தான் திறக்கிறது. ஆனாலும் நீங்கள் சொன்ன பிறகுதான் கவனித்தேன்: பழைய முகவரி, புதிய முகவரி இரண்டையும் ஃபேஸ்புக் தனித்தனிப் பக்கமாக எடுத்து வைத்திருந்தது. பழையதையும் ஸ்க்ரேப் செய்துவிட்டேன்.

அவர் மகளிடம் பேசிவிட்டேன். இப்போதைக்குச் சரியாகிவிட்டது என்று சொன்னேன். எல்லோருக்கும் நன்றி.

இரவுப்பணி (மறுநாள் காலை)

அந்தப் படம் மறுபடி வந்துவிட்டது.

காலை 7 மணிக்கு அவர் மகளிடமிருந்து போன். செய்தியைத் திறந்தால் தளத்திலேயே அப்பாவின் படம் இருக்கிறது என்கிறார். நான் திறந்து பார்த்தேன், உண்மைதான். தலைப்பும் பழைய தலைப்பு. நேற்று இரவு என் கண்ணால் சரிபார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். இப்போது மறுபடி மாற்றிவிட்டேன், ஆனால் கை நடுங்குகிறது. எங்கள் 4 பேரில் யாரும் இரவில் அந்தச் செய்தியைத் தொடவில்லை. சரியாகிவிட்டது என்று அவரிடம் நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

கம்பிவடம்

இது கேஷ் இல்லை. கேஷ் பழையதைக் காட்டும், ஆனால் நீங்கள் திருத்தியதைச் சிஎம்எஸ்ஸுக்குள்ளேயே பின்னுக்குத் தள்ளாது. யாரோ அல்லது எதுவோ அந்தச் செய்தியை மறுபடி எழுதியிருக்கிறது. திருத்தப் பதிவைத் திறந்து, கடைசி மாற்றம் எத்தனை மணிக்கு, எந்தப் பயனர் பெயரில் என்று பாருங்கள்.

இரவுப்பணி

இரவு 1.40. பயனர் பெயர் 'இம்போர்ட்'. இப்படி ஒரு ஆள் எங்களிடம் இல்லை.

மைப்பெட்டி

தம்பி, அது ஆள் இல்லை. உங்கள் அச்சுப் பக்க மென்பொருள்.

நான் நாளிதழில் நீண்ட நாள் பக்க வடிவமைப்பில் இருந்தவன். பெரும்பாலான பழைய பத்திரிகைகளில் இணையதளம் அச்சுக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. பதிப்பு முடிந்து பக்கங்கள் அச்சுக்குப் போனதும், அன்றைய செய்திகள் அனைத்தையும் எக்ஸ்எம்எல் (மென்பொருள்கள் படிக்கும் வடிவம்) கோப்புகளாக்கி இணையத்துக்குத் தள்ளும் ஒரு தானியங்கி வேலை ஓடும். இணையப் பிரிவு என்று ஒன்று வருவதற்கு முன் தளம் நிரம்பியதே அதனால்தான். இப்போது நீங்கள் நாள் முழுதும் நேரடியாகப் போடுகிறீர்கள், ஆனாலும் அந்த வேலையை யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள். ஒரே செய்தி எண்ணில் வந்தால் அது மேலெழுதிவிடும். உங்கள் திருத்தம் இணையத்தில் மட்டும் நடந்தது. அச்சு மென்பொருளைப் பொறுத்தவரை பழைய படம்தான் சரியான படம்.

இன்று அச்சில் அந்தப் படம் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரவுப்பணி

அச்சில் வரவில்லை, நல்லவேளை. நேற்று பக்கப் பொறுப்பாளரிடம் சொன்னதும் படத்தை எடுத்துவிட்டு ஒற்றைப் பத்திச் செய்தியாகப் போட்டிருக்கிறார். இ-பேப்பரிலும் இல்லை. அதனால்தான் எனக்குப் புரியவில்லை. பக்கத்திலேயே இல்லாத படத்தை அது எப்படி அனுப்பும்?

மைப்பெட்டி

அவர் பக்கத்திலிருந்து படப் பெட்டியை எடுத்திருப்பார். செய்திக் கோப்போடு படம் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். இ-பேப்பர் பக்கத்தின் பிடிஎஃப்பிலிருந்து வருகிறது, அதனால் அது சுத்தம். எக்ஸ்எம்எல்லோ செய்திக் கோப்பிலிருந்து வருகிறது, இணைப்பில் என்ன இருக்கிறதோ அது போகும். எங்கள் காலத்தில் இதை 'கழற்றுவது' என்போம். படத்தைப் பக்கத்திலிருந்து எடு, செய்தியிலிருந்தும் கழற்று. இரண்டாவதைச் செய்யச் சொல்லி அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள், அவர் மேல் தப்பில்லை.

இன்று இரவுக்குள் 3 வேலை. அச்சு மென்பொருளில் அந்தச் செய்தியிலிருந்து படத்தைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் யாராவது அந்தப் பக்கத்தை மறுபடி எக்ஸ்போர்ட் செய்யும் நாளில் இது திரும்ப வரும். சிஎம்எஸ்ஸில், இணையப் பிரிவு கை வைத்த செய்தியை இம்போர்ட் தொடக்கூடாது என்று ஒரு பூட்டு போடச் சொல்லுங்கள். மூன்றாவது, படக் காப்பகம். ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது. அந்தப் படத்தின் ஐபிடிசி விவரத்தில் (படக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும் குறிப்பில்) பெயர் மட்டும் இருந்திருக்கும், அதனால்தான் பெயரைத் தேடியதும் வந்து விழுந்தது. அவர் யார், என்ன தொழில், எந்த நிகழ்ச்சி என்று எழுதி வைக்காத முகப் படம் காப்பகத்தில் இருப்பது ஆபத்து. பெயர் ஒன்றை மட்டும் நம்பிக் குற்றச் செய்திக்குப் படம் எடுக்கவே கூடாது.

பகிர்வுமேசை

நானும் ஒரு நாளிதழின் சமூக ஊடகப் பொறுப்பில் இருக்கிறேன். தொழில்நுட்பத்தை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். பகிர்ந்த பதிவுகளை என்ன செய்தீர்கள்? லிங்க் முன்னோட்டத்தைச் சரிசெய்தாலும், செய்தி அட்டையாக வடிவமைத்துப் போட்ட படம் இருந்தால் அது வெறும் படக் கோப்பு. எந்த டீபக்கரும் அதைத் தொடாது.

இரவுப்பணி

ஆமாம், ஃபேஸ்புக்கிலும் சேனலிலும் ஒரு அட்டை போட்டிருந்தோம். நேற்றே அழித்துவிட்டோம். அழித்தது சரியா? பொறுப்பாசிரியர், அழித்தால் மறைப்பதாக நினைப்பார்கள், திருத்தத்தைக் கருத்துப் பகுதியில் போட்டால் போதும் என்றார்.

பகிர்வுமேசை

எண்ணோ ஊர்ப் பெயரோ தவறானால் நானும் உங்கள் பொறுப்பாசிரியர் பக்கம்தான், பதிவை வைத்துக்கொண்டு திருத்தத்தைச் சேர்ப்பேன். தவறான முகத்துக்கு அது பொருந்தாது. அந்தப் பதிவு இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் யாராவது அதை மேலும் பகிர்வார்கள், கருத்துப் பகுதி அவர்களோடு போகாது. அழித்தது சரி. ஆனால் அழித்ததோடு நிறுத்தியது சரியில்லை. தவறான அட்டையைப் பார்த்தவர்களுக்கு அது தவறு என்று எப்படித் தெரியும்? எங்கெல்லாம் போட்டீர்களோ அங்கெல்லாம் தனித் திருத்தப் பதிவு போடுங்கள். அதில் அந்த முகத்தை மறுபடி காட்டாதீர்கள். முதலில் வெளியிட்ட படம் வழக்கோடு தொடர்பில்லாதவருடையது, நீக்கிவிட்டோம், அவரிடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்று நேராக எழுதுங்கள். செய்திக்கு உள்ளேயும் மேல் வரியிலேயே அதைப் போடுங்கள், கீழே போட்டால் யாரும் பார்ப்பதில்லை.

திருத்தப் பதிவின் லிங்க்கை அந்தக் குடும்பத்துக்கும் அனுப்பிவிடுங்கள். அவர்களுடைய உறவினர் குழுக்களில் இந்தச் சங்கடம் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே காட்ட அவர்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

கூகுளையும் மறக்காதீர்கள். படத் தேடலில் அந்த முகம் இன்னும் வந்தால், காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கக் கோரும் கருவி ஒன்று கூகுளிடம் இருக்கிறது, தள உரிமையாளராக இல்லாதவர்களும் பயன்படுத்தலாம்.

இரவுப்பணி

எல்லோருக்கும். இதுவரை நடந்ததை முடித்துச் சொல்லிவிடுகிறேன், அடுத்து யாராவது இதே சிக்கலில் வந்தால் உதவும்.

மைப்பெட்டி ஐயா சொன்னதுதான் நடந்திருக்கிறது. செய்திக் கோப்பிலிருந்து படத்தைக் கழற்றியாயிற்று. அந்த இம்போர்ட் வேலையை எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன, இப்போதுள்ள தொழில்நுட்பப் பிரிவுக்கே அது ஓடுவது சரியாகத் தெரியவில்லை. இணையத்தில் திருத்திய செய்தியை அது தாண்டிப் போகும்படி மாற்றிவிட்டார்கள். சோதிப்பதற்காக ஒரு பழைய செய்தியைத் திருத்தி வைத்துவிட்டு இரவு 1.40 வரை உட்கார்ந்திருந்தேன். திருத்தியது திருத்தியபடியே இருந்தது. பழைய படக் கோப்பின் முகவரியைத் திறந்தால் இப்போது ஒன்றும் வருவதில்லை. கூகுளுக்கும் கோரிக்கை போட்டாயிற்று.

திருத்தப் பதிவுக்குப் பொறுப்பாசிரியர் ஒப்புக்கொண்டார். இந்த இழையை அவருக்குக் காட்டினேன். அச்சிலும் நாளை ஒரு திருத்தம் வருகிறது. அச்சில் படம் வரவில்லையே, எதற்கு என்று ஒருவர் கேட்டார். அந்த ஆசிரியர் எங்கள் நாளிதழை அச்சில்தான் படிப்பவர் என்று அவர் மகள் சொல்லியிருந்தார். அதைச் சொன்னதும் இடம் ஒதுக்கிவிட்டார்கள்.

படக் காப்பக வேலை பெரியது, அது இன்னும் தொடங்கவில்லை. இப்போதைக்கு அந்தப் பெயரில் இருந்த மற்ற 3 படங்களுக்கு மட்டும் விவரம் எழுதியிருக்கிறேன். மைப்பெட்டி ஐயா, ஐபிடிசி விவரங்களை மொத்தமாக நிரப்ப நீங்கள் என்ன பயன்படுத்தினீர்கள்? தனி இழையாகக் கேட்கிறேன்.