மூன்று அத்திப்பழத்தில் இரும்பு எவ்வளவு?

பள்ளத்தூர் வாசகர்:
சென்ற வாரம் காரைக்குடியில் ஒரு கடையில் உலர் அத்திப்பழம் கால் கிலோ வாங்கினேன். பொட்டலத்துடன் ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தார்கள். அத்திப்பழத்தில் பாலைவிடக் கால்சியம் அதிகம் என்றும், இரவில் மூன்று பழங்களை ஊறவைத்துக் காலையில் உண்டால் ஒரே மாதத்தில் இரத்தசோகை நீங்கும் என்றும், இனிப்பு இயற்கையானது என்பதால் சர்க்கரை நோயாளிகளும் தயங்காமல் உண்ணலாம் என்றும் அதில் அச்சிட்டிருந்தது. கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருப்பதால் மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மாத்திரை சாப்பிட்டால் அவளுக்கு வயிற்றைப் புரட்டுகிறது. இந்தச் சீட்டைப் படித்த என் ஆத்தா, "மாத்திரையைத் தூக்கிப் போடு, அத்திப்பழமே போதும்" என்கிறார். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லல் மாணவி (சத்துணவியல், முதுகலை):
அண்ணன், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம். காரணத்தைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலின்படி 100 கிராம் உலர் அத்திப்பழத்தில் ஏறத்தாழ 249 கிலோ கலோரி ஆற்றலும், 64 கிராம் மாவுச்சத்தும், அதற்குள் அடங்கிய 48 கிராம் சர்க்கரையும், 9.8 கிராம் நார்ச்சத்தும், 3.3 கிராம் புரதமும், ஒரு கிராமுக்கும் குறைவான கொழுப்பும் இருக்கின்றன. தாதுக்களில் பொட்டாசியம் 680 மி.கி., கால்சியம் 162 மி.கி., மக்னீசியம் 68 மி.கி., இரும்பு 2 மி.கி. எஞ்சியதில் பெரும்பகுதி, அதாவது 30 கிராம் அளவுக்கு, நீர்.

நம் கடைகளில் நாரில் கோத்து மாலையாக வரும் அத்திப்பழம் ஒன்று பதினைந்து முதல் இருபது கிராம் எடை இருக்கும். மூன்று பழங்களை 50 கிராம் என்று வைத்துக்கொண்டால் கிடைக்கும் இரும்பு ஒரே ஒரு மில்லிகிராம். வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மி.கி. இரும்பு தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட அளவீடு கூறுகிறது. பள்ளிகளில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல மாத்திரையில் 60 மி.கி. இரும்பு உள்ளது, அந்த அளவை அத்திப்பழத்திலிருந்து பெற வேண்டுமானால் ஏறத்தாழ மூன்று கிலோ உண்ண வேண்டும். அதிலும் தாவர உணவிலுள்ள இரும்பு முழுவதையும் உடல் ஈர்த்துக்கொள்வதில்லை; சிறு பகுதியையே ஈர்க்கிறது. வயிற்றைப் புரட்டுவதை மருத்துவரிடம் சொன்னால் அவர் மாத்திரையை மாற்றித் தரலாம், அல்லது உண்ணும் நேரத்தை மாற்றச் சொல்லலாம்.

காரைக்குடி உலர்பழ வணிகர்:
முதலில் ஒன்று: அந்தச் சீட்டு என் கடையினுடையது அன்று. இருந்தாலும் முப்பது ஆண்டுகளாக இந்தச் சரக்கைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்து விற்பவன் என்ற முறையில், மாணவி எழுதியதை முழுதாக ஏற்க முடியவில்லை. மாத்திரையோடு பழத்தை ஒப்பிட்டால் எந்தப் பழம்தான் தேறும்? பழத்தைப் பழத்தோடு அல்லவா ஒப்பிட வேண்டும்? நீங்கள் சொல்லும் அதே அமெரிக்கப் பட்டியலில் உலர் திராட்சைக்குக் கால்சியம் 50 மி.கி., மெட்ஜூல் பேரீச்சைக்கு 64 மி.கி., அத்திக்கோ 162 மி.கி. பேரீச்சையில் சர்க்கரை 66 கிராம், அத்தியில் 48. நார்ச்சத்திலும் அத்தியே அவை இரண்டையும்விட மேல். வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லி விற்பது எப்படிப் பொய்யாகும்? பசும்பாலில் 100 கிராமுக்குக் கால்சியம் 120 மி.கி. அளவில்தான் இருக்கிறது. ஆகவே சீட்டின் முதல் வரி அச்சுப் பிசகாமல் உண்மை.

தேவகோட்டை ஆச்சி:
எனக்கு எழுபத்திரண்டு வயது. கணக்கு எனக்கு வராது. ஆனால் இரவு இரண்டு பழத்தை வெந்நீரில் போட்டு, காலையில் பழத்தைத் தின்று அந்தத் தண்ணீரையும் குடிப்பதை நான்கு ஆண்டுகளாக விடாமல் செய்து வருகிறேன். அதற்கு முன் மலச்சிக்கலுக்காக நான் விழுங்காத சூரணம் இல்லை. இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஊறிய தண்ணீரில்தான் சத்து முழுவதும் இறங்குகிறது என்று எங்கள் வளவில் எல்லோரும் சொல்கிறார்கள். படித்த பிள்ளைகள் பெரியவர்கள் சொல்வதையெல்லாம் எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடக் கூடாது.

கல்லல் மாணவி:
ஆச்சி, உங்கள் அனுபவத்தை நான் தள்ளவே இல்லை. பட்டியலே உங்கள் பக்கம்தான் நிற்கிறது. மூன்று பழங்களில் ஏறக்குறைய ஐந்து கிராம் நார்ச்சத்து இருக்கிறது. நாளொன்றுக்கு 25 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு கைப்பிடிப் பழத்திலேயே வந்துவிடுகிறது. நாக்கில் மணல்போல் நறநறக்கும் அந்தச் சின்ன விதைகளும் தோலும் சதையும் சேர்ந்துதான் அந்த வேலையைச் செய்கின்றன. அத்திப்பழத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்று உண்டென்றால் அது இதுதான். சீட்டு அச்சிட்டவர்கள் இதை விட்டுவிட்டு இரும்பைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதே என் வருத்தம்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். ஊறும்போது நீரில் இறங்குவது பெரும்பாலும் சர்க்கரையும் கொஞ்சம் பொட்டாசியமும்தான். நார்ச்சத்தின் பெரும்பகுதி பழத்திலேயே தங்கிவிடுகிறது. ஊறவைப்பதால் புதிதாக இரும்போ கால்சியமோ ஒரு துளிகூட அதிகரிக்காது. பழம் மென்மையாகிறது, பல் நோகாமல் மெல்ல முடிகிறது, கூடவே ஒரு குவளை நீரும் உள்ளே போகிறது. மலச்சிக்கலுக்கு அந்த நீரும் துணைதான்.

வணிகர் அண்ணனுக்கு: பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீர், அத்தியில் 30 பங்குதான் நீர். இரண்டையும் நூறு நூறு கிராம் எடுத்து வைத்து அத்திதான் உயர்ந்தது என்பது, அரிசியையும் கஞ்சியையும் ஒரே படியில் அளப்பதைப் போன்றது. மனிதர் உண்ணும் அளவில் பாருங்கள்: ஒரு தம்ளர் பால் 200 மில்லி என்றால் 240 மி.கி. கால்சியம், மூன்று அத்திப்பழம் என்றால் 81 மி.கி. பால் பிடிக்காதவர்களுக்கு நம் வீட்டுக் கேழ்வரகே இருக்கிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட பட்டியலில் 100 கிராம் கேழ்வரகுக்குக் கால்சியம் 364 மி.கி.

காரைக்குடி உலர்பழ வணிகர்:
கேழ்வரகையும் 100 கிராம் கணக்கில்தானே சொன்னீர்கள்! கூழாகக் கரைத்தால் அதிலும் நீர்தானே அதிகம்? உங்களுக்கு ஒரு படி, எனக்கு ஒரு படியா?

கல்லல் மாணவி:
நியாயமான கேள்வி. 50 கிராம் மாவில் ஒருவர் குடிக்கும் அளவுக்குக் கூழ் காய்ச்சலாம். அதில் 182 மி.கி. கால்சியம் இருக்கும். கூழில் எவ்வளவு நீர் சேர்த்தாலும் அந்த 182 குறையாது. மூன்று பழத்தின் எடையும் அதே 50 கிராம்தான். இப்போது இருவருக்கும் ஒரே படி.

புதுவயல் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
சீட்டின் மூன்றாவது வரியைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் முக்கியம். பதினோரு ஆண்டுகளாக எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. இதேபோன்ற ஓர் அறிவுரையை நம்பி, காலைச் சிற்றுண்டியோடு ஐந்து பழங்கள் உண்டுவந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து வீட்டிலுள்ள கருவியில் சோதித்தபோது, வழக்கமாக 160ஐ ஒட்டி நிற்கும் அளவு 230ஐத் தாண்டியது. மறுநாளும் அப்படியே. பழத்தை நிறுத்தியதும் பழைய நிலைக்கு வந்தது. என் ஒருவன் உடம்பில் நடந்தது பிறருக்குச் சட்டமாகாது என்பதை அறிவேன். ஆனால் ஐந்து பழத்தில் நாற்பது கிராம் சர்க்கரை இருக்கும்போது, "இயற்கையானது" என்ற ஒரு சொல்லால் அது கரைந்து போய்விடுமா? வாத்தியார் புத்தி, கேட்காமல் இருக்க முடியவில்லை.

கல்லல் மாணவி:
கரையாது, ஐயா. அத்தியிலுள்ள சர்க்கரையில் ஏறக்குறைய பாதி குளுக்கோசு, மீதிப் பாதி பிரக்டோசு. நாம் காப்பியில் போடும் சுக்ரோசு மிகக் குறைவு. இரத்தத்தில் சர்க்கரையை நேரே ஏற்றுவது குளுக்கோசுதான். நார்ச்சத்து அதன் வேகத்தைக் கொஞ்சம் தணிக்கும், முற்றிலும் தடுக்காது. பழைய பெட்டியில் பழத்தின் மேல் வெண்மையாகப் பூத்திருப்பதும் பெரும்பாலும் குளுக்கோசுப் படிகமே.

புதுப் பழமாக இருந்தால் கதை வேறு. புதிய அத்தியில் நூற்றுக்கு 79 பங்கு நீர். 100 கிராமில் சர்க்கரை 16 கிராம்தான், ஆற்றல் 74 கிலோ கலோரிதான். காய வைக்கும்போது நீர் போய், திடப்பொருள் ஏறத்தாழ மூன்றேகால் மடங்கு செறிகிறது. அப்படியானால் புதுப் பழத்தில் 2 மி.கி. இருக்கும் வைட்டமின் சி உலர்ந்த பிறகு ஆறு மி.கி.க்கு மேல் ஏறியிருக்க வேண்டும். பட்டியலில் இருப்பதோ 1.2. வெயிலும் காற்றும் அதைத் தின்றுவிட்டன. இரும்பை உடல் ஈர்க்கத் துணைசெய்வது வைட்டமின் சி என்பதால், இந்த இழப்பு நம் விவாதத்தில் சிறியது அன்று.

காரைக்குடி உலர்பழ வணிகர்:
மேலே பூத்திருப்பது எல்லாம் சர்க்கரை என்று நினைத்துவிட வேண்டாம். விரலால் தேய்த்தால் மாவுபோல் உதிர்ந்து இனிப்பது சர்க்கரை. நூல்போல் படர்ந்து புழுக்க வாடை அடித்தால் பூஞ்சணம். அத்தியில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகும் ஆபத்து இருப்பதால், துருக்கியில் பழத்தைப் புற ஊதா ஒளியில் வைத்து, பச்சை மஞ்சளாக மின்னுவதைப் பொறுக்கித் தள்ளுகிறார்கள். நம்மிடம் அந்த விளக்கு இல்லை. நான் ஒவ்வொரு மாலையிலும் இரண்டு பழத்தைப் பிட்டுப் பார்த்துத்தான் எடுத்து வைக்கிறேன். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்ற பழமொழி என் பிழைப்புக்கு எதிரானது என்றாலும், பிட்டுப் பார்க்கச் சொல்வது நல்லதுதான்.

தேவகோட்டை ஆச்சி:
அந்தப் பழமொழி நம் நாட்டு அத்திக்குச் சொன்னது, தம்பி. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பழுத்ததைப் பிளந்தால் உள்ளே கொசுபோல் பூச்சி பறக்கும். எங்கள் சிறு வயதில் அத்தி என்றால் அதுதான். பெட்டியில் வரும் சீமை அத்தியை நான் பார்த்ததே கல்யாணச் சீர்த் தட்டில். இப்போது என் பேத்தி தேனில் ஊறிய அத்தி என்று ஒரு பாட்டில் வாங்கி வந்திருக்கிறாள். அதில் இருப்பது எந்த அத்தி? அதற்கும் இதே கணக்குத்தானா?

கல்லல் மாணவி:
நல்ல இடத்தில் நிறுத்தினீர்கள், ஆச்சி. நான் இதுவரை கொடுத்த எண்கள் எல்லாம் சீமை அத்திக்கு, அதாவது துருக்கியிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வருகிற வகைக்கு உரியவை. நாட்டு அத்தி வேறு இனம். சில தேன் பாட்டில்களில் நாட்டு அத்தியைப் போட்டுவிட்டு, வெளியே சீமை அத்தியின் சத்துக் கணக்கை அச்சிடுகிறார்கள். மேலும் தேனில் 100 கிராமுக்கு 80 கிராமுக்கு மேல் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம், முழுப் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரையைக் குறைக்கச் சொல்வதில்லை. தேனில் இருப்பதைக் குறைக்கச் சொல்கிறது. ஆகவே தேன் அத்தியை இனிப்புப் பலகாரமாக நினைத்து ஒன்று உண்ணலாம். அதற்கு மருந்துப் பட்டம் கட்ட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பொட்டாசியத்தை முன்னிட்டு, எந்த உலர் அத்தியானாலும் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

பள்ளத்தூர் வாசகர்:
எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு என் மகளே சமையலறைத் தராசை எடுத்து மூன்று பழங்களை நிறுத்தாள்: 52 கிராம். இரவு முழுவதும் ஊறிய பின் காலையில் 79 கிராம். "பாருங்கள், சத்து ஏறிவிட்டது" என்றார் ஆத்தா. "ஏறியது தண்ணீர், அப்பத்தா" என்று அவள் சொன்னதற்கு இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மருத்துவரிடம் மீண்டும் போனோம். இரவு உணவுக்குப் பின் மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு எடுக்கவும், அந்நேரத்தில் தேநீரும் பாலும் தவிர்க்கவும் சொன்னார். அத்திப்பழம் மாலை நான்கு மணிக்கு, பிஸ்கட்டுக்குப் பதிலாக இரண்டு. ஆத்தாவுக்கும் இரண்டு, அவர் தண்ணீரோடுதான் உண்கிறார்.

காரைக்குடி உலர்பழ வணிகர்:
என் கடைப் பலகையில் "இரத்தத்தை ஊறச் செய்யும்" என்று எழுதியிருந்ததை இன்று காலை அழித்துவிட்டு, "நார்ச்சத்து நிறைந்தது" என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். பாலைப் பற்றிய வரி மட்டும் அப்படியே இருக்கும். நூறு கிராமுக்கு என்று சேர்த்து எழுதிவிட்டால் அதில் பொய் எதுவும் இல்லை.

கல்லல் மாணவி:
சேர்த்து எழுதுங்கள், அண்ணன். பக்கத்தில் பழத்தின் எடையையும் எழுதுவீர்களா?