ரோனன் பாயின்ட்டைத் தேடிப் போன வாசிப்பறைகள்

பொறியியல் படித்தபோது ‘தொடர் சரிவு’ என்ற பாடத்தில் ஒரு படம் இருந்தது. உயரமான ஓர் அடுக்குமாடிக் கட்டடம். அதன் ஒரு மூலை மட்டும் உச்சியிலிருந்து தரைவரை பிய்ந்து தொங்கும். கீழே ‘ரோனன் பாயின்ட், லண்டன், 1968’ என்று போட்டிருக்கும். பரீட்சைக்குப் படித்தேன், மறந்துவிட்டேன். பல வருடம் கழித்து வேலைக்காக வந்து ஈஸ்ட் ஹாமில் வீடு எடுத்த பிறகுதான், அந்தக் கட்டடம் நின்ற கேனிங் டவுன் எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போகிற தூரம் என்று தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். சின்னச் சின்ன வீடுகள், வாசலில் பூச்செடிகள். கோபுரம் இருந்த அடையாளமே இல்லை. 1986-லேயே அதை இறக்கிவிட்டார்கள். இனி அது காகிதத்தில்தான் இருக்கிறது என்று புரிந்ததும் நூலகங்களுக்குப் போகத் தொடங்கினேன்.

முதலில் போனது செயின்ட் பாங்க்ரஸில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்துக்கு. ஹ்யூ கிரிஃபித்ஸ் தலைமையில் நடந்த அரசு விசாரணையின் அறிக்கையைக் கேட்டு வாங்கினேன். 1968-லேயே அச்சானது. நடந்ததை அது எந்த அலங்காரமும் இல்லாமல் சொல்கிறது. மே 16, விடியற்காலை 5.45 மணி வாக்கில் 18-ஆவது மாடியில் ஒரு பெண்மணி தேநீர் போட அடுப்பைப் பற்ற வைக்கிறார். கசிந்து நிறைந்திருந்த எரிவாயு வெடிக்கிறது. அடுப்புக்குப் போகும் குழாயை இணைத்த பித்தளை நட்டு தரம் குறைந்தது, அது உடைந்திருக்கிறது. கட்டடம் முழுக்கத் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது. டென்மார்க்கின் லார்சன்-நீல்சன் முறை. வெடிப்பு, சுமை தாங்கும் வெளிச்சுவர்ப் பலகையை வெளியே தள்ளிவிட்டது. அதன்மேல் நின்ற மாடிகள் பிடிமானம் இல்லாமல் இறங்கின. அந்தப் பாரம் கீழ் மாடிகளையும் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு தரைவரை போனது. 22 மாடி, 110 வீடு. கட்டி முடித்து இரண்டே மாதம். 4 பேர் இறந்தார்கள், 17 பேருக்குக் காயம். விழுந்த மூலையில் இருந்தவை பெரும்பாலும் வரவேற்பறைகள், அந்த நேரத்தில் மக்கள் படுக்கையறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் கழித்து நடந்திருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அடுப்பைப் பற்ற வைத்தவர் பிழைத்துக்கொண்டார்.

அறிக்கையில் என்னை உலுக்கிய இடம் வேறு. அன்றைக்கு இருந்த விதிகளைக் கட்டடம் மீறவில்லை. ஒரு சுவர் போனால் மீதி நிற்குமா என்ற கேள்வியை விதிகள் கேட்கவே இல்லை. 1970-இல்தான் கேட்டார்கள். ஐந்து மாடியும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களில், ஒரு பகுதி போனாலும் சரிவு அதைச் சுற்றியே நிற்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பகுதி சதுர மீட்டருக்கு 34 கிலோநியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்று விதி வந்தது. நான் அலுவலகத்தில் கணக்குப் போடும்போது எத்தனையோ முறை எழுதிய எண் அது. எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாசிப்பறையில் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

சரி, கட்டுவதற்கு முன் என்ன நடந்தது? இங்கேதான் வழி தவறினேன். ‘ரோனன் பாயின்ட்’ என்று எந்தப் பட்டியலில் தேடினாலும் 1968 மே மாதத்துக்குப் பிந்தியவைதான் வந்தன. அது இயற்கைதான். நகராட்சியின் வீட்டுவசதிக் குழுத் தலைவராக இருந்த ஹாரி ரோனனின் பெயரைக் கட்டடத்துக்கு வைத்தார்கள். அதற்கு முன்பு அது ஒரே மாதிரி ஒன்பது கோபுரங்களில் ஒன்று, அவ்வளவுதான். தெருவின் பெயரிலும் குடியிருப்பின் பெயரிலும் தேட ஆரம்பித்த பிறகுதான் பழைய தாள்கள் கைக்கு வந்தன.

இன்னொரு தவறும் செய்தேன். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த வீடுகளை வண்ணம் தீட்டிக் காட்டும், அன்றைய லண்டன் நிர்வாகமான லண்டன் கவுன்டி கவுன்சிலின் வரைபடங்கள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் (2024 வரை லண்டன் பெருநகர ஆவணக் காப்பகம்) இருக்கின்றன. முழுக்கச் சேதமானது கறுப்பு, சரிசெய்ய முடியாதது ஊதா என்று வீடுவீடாகக் காட்டியிருப்பார்கள். கேனிங் டவுன் எப்படி இருந்தது என்று பார்க்க ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். வரைபடத்தில் வண்ணம் லீ ஆற்றோடு நின்றுவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெறும் தாள். கேனிங் டவுன் அடங்கிய வெஸ்ட் ஹாமில் குண்டு விழாமல் இல்லை, நகரமே நொறுங்கியது. ஆனால் 1965 வரை அது லண்டன் கவுன்டியே இல்லை, எசெக்ஸ் மாவட்டத்தில் தனி நகராட்சி. 1965 ஏப்ரலில்தான் வெஸ்ட் ஹாமும் ஈஸ்ட் ஹாமும் சேர்ந்து நியூஹாம் ஆயின. மாவட்டவாரியாக வந்த பெவ்ஸ்னரின் கட்டடக்கலை வழிகாட்டிகளில்கூட அந்தக் காலத்து வெஸ்ட் ஹாமைப் பார்க்க 1954-இல் வந்த எசெக்ஸ் தொகுதியைத்தான் திறக்க வேண்டும். போருக்குப் பிந்திய பிரிட்டிஷ் கட்டடம் எதைத் தேடுகிறவருக்கும் நான் சொல்வது இதுதான்: அந்த இடம் அந்த வருடத்தில் யார் ஆட்சியில் இருந்தது என்று முதலில் பாருங்கள். தாள்கள் அந்த ஆட்சியின் பெயரில்தான் கிடக்கும்.

அப்புறம் பத்திரிகைகள். ஒரு நூலகத்தில் அறுபதுகளின் கட்டட வார இதழ்களைத் தொகுதி தொகுதியாக பைண்டு செய்து வைத்திருந்தார்கள். பைண்டு செய்தபோது விளம்பரப் பக்கங்களை எடுத்துவிட்டிருந்தார்கள். பெரிய இழப்பு. வேறோர் இடத்தில் முழு இதழ்களைப் பார்த்தபோதுதான் அந்தக் காலம் கண்ணுக்குத் தெரிந்தது: கான்கிரீட் பலகை முறைகள், கோபுரக் கிரேன்கள், சன்னல் சட்டங்கள் என்று பக்கம் பக்கமாக விளம்பரம். கட்டுரைகளை மட்டும் படித்தால் இந்தக் கோபுரங்கள் கட்டடக் கலைஞர்களின் கனவு என்று தோன்றும். விளம்பரங்களையும், மாடி உயர உயர மானியமும் உயரும்படி 1956-இல் வந்த சட்டத்தையும் சேர்த்துப் படித்தால் கனவோடு பணமும் ஒப்பந்தமும் எவ்வளவு இருந்தன என்று தெரியும்.

கடைசியாக, உள்ளூர் வரலாற்றுப் பகுதியில் நடந்தது. அரசு நிலஅளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் போருக்குப் பிந்திய வரைபடத்தை விரித்து வைத்திருந்தேன். அதில் ஒவ்வொரு வீட்டின் கதவிலக்கமும் இருக்கும். பக்கத்து மேசையில் இருந்த முதியவர், “பார்க்கலாமா?” என்று கேட்டுவிட்டு வந்தார். இடித்துத் தள்ளிய ஒரு தெருவில் ஓர் இலக்கத்தில் விரலை வைத்தார். “இதுதான் எங்கள் வீடு” என்றார். கழிப்பறை கொல்லையில், குளிக்கத் தகரத் தொட்டி. கோபுரத்தில் வீடு கிடைத்த அன்று அவருடைய அம்மா வெந்நீர்க் குழாயைத் திறந்து கையை நீட்டியபடி நின்றாராம், மூட மனமே வரவில்லையாம். “எல்லாரும் இடிந்ததைப் பற்றியே கேட்கிறார்கள். அந்த வெந்நீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை” என்றார். அதைக் குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். நான் வாசித்த அறிக்கை எதிலும் அது இல்லை.

1986-இல் கட்டடத்தை ஒவ்வொரு பலகையாகக் கழற்றி இறக்கினார்கள். அப்போது கலவை நிரப்பியிருக்க வேண்டிய இணைப்புகளில் வெற்றிடமும் செய்தித்தாளும் இருந்தன. அத்தனை வருடம் குடும்பங்கள் அதற்குள் வாழ்ந்திருக்கின்றன.

*

மேலே உள்ள ரோனன் பாயின்ட் கட்டுரையைப் படித்ததும் என் அனுபவத்தையும் எழுதத் தோன்றியது. நீங்கள் சொன்ன அதே லீ ஆற்றுக்கு இந்தப் பக்கம், பாப்ளரில், அதே நேரத்தில் எழுந்தது கட்டடக் கலைஞர் எர்னோ கோல்ட்ஃபிங்கரின் பால்ஃப்ரன் டவர். 1967-இல் முடிந்தது, 26 மாடி. அவருடைய வரைபடங்கள் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் கழகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. நான் அவற்றை விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் ஆய்வறையில் பார்த்தேன். முன்கூட்டியே நாள் குறித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது, பென்சிலை மட்டும்தான் அனுமதித்தார்கள்.

லிஃப்ட் கோபுரம் தனியாக நிற்கிறது. மூன்று மாடிக்கு ஒரு பாலம் அதை வீடுகளோடு இணைக்கிறது. வெளியிலிருந்து நூறு முறை பார்த்தும் எனக்கு ஏன் என்று விளங்கவில்லை. குறுக்குவெட்டு வரைபடத்தில் விரல் வைத்துப் போனபோது விளங்கியது: லிஃப்ட் இரைச்சல் படுக்கையறைக்கு வராது, மூன்று மாடிக்காரர்களும் ஒரே நடையில் சந்தித்துக்கொள்வார்கள். 1968-இல் கோல்ட்ஃபிங்கரும் அவருடைய மனைவி உர்சுலாவும் உச்சி மாடி வீட்டில் இரண்டு மாதம் குடியிருந்தார்கள். குடியிருப்பவர்களை விருந்துக்கு அழைத்து, எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று கேட்டார்கள். தான் வரைந்த வீட்டில் தானே இருந்து பார்த்த அந்த மனசு எனக்குப் பிடித்திருக்கிறது. பால்ஃப்ரனின் கான்கிரீட் அந்த இடத்திலேயே வார்த்தது, பலகை அடுக்கியது அல்ல. இரண்டையும் ‘கான்கிரீட் கோபுரம்’ என்று ஒரே பெயரில் திட்டுகிறவர்களுக்கு இந்த வரைபடத்தைக் காட்ட வேண்டும்.

*

முதலில் எழுதியவர் அந்த அறிக்கையை வாசித்த கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் நூலகமும் இதே கதையின் ஒரு பகுதிதான். கட்டடக் கலைஞர் காலின் செயின்ட் ஜான் வில்சன் 1962-இல் தொடங்கிய வேலை. முதலில் ப்ளூம்ஸ்பரியில் கட்டுவதாக இருந்தது, பிறகு இடமே மாறியது. முதல் வாசிப்பறை திறந்தது 1997-இல்! 2015-இல் முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். அடுத்த முறை போகும்போது புத்தகம் வரும்வரை காத்திருக்கும் நேரத்தில் படிக்கட்டின் பித்தளைக் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். மேசையில் கை வைக்கும் இடத்தில் தோல் ஒட்டியிருக்கும். குளிர்காலத்தில் முதல் நாள் அங்கே உட்கார்ந்தபோது கைக்குச் சில்லென்று இல்லாததை உணர்ந்தேன். அன்று மாலை மூடும் மணி அடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.