மறு: இசைக்குழுப் பெயர்கள் – 'வசைப்பெயர் மீட்பு' சரிவருமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். ஒரு சமூகத்தார் தங்கள் மீது வீசப்பட்ட வசையையே தங்கள் பெயராக எடுத்துக்கொள்வதற்கு நாம் தேடும் தமிழ்ச் சொல் பற்றியது இது.

> தங்களை இழிவுபடுத்திய சொல்லையே ஒரு சமூகத்தார் தங்கள் பெயராக்கிக்கொள்வதற்கு 'மீள்கையகப்படுத்தல்' என்று வைக்கலாமா?

வேண்டாம் என்பேன்; தலைப்பில் உள்ள 'வசைப்பெயர் மீட்பு' போதும். கையகப்படுத்தல் என்றதும் நான்குவழிச் சாலைக்காக அரசு எடுத்துக்கொண்ட வயல்தான் கண்முன் வருகிறது. வலியவர் எளியவரிடமிருந்து எடுப்பது அது. இங்கே நடப்பது நேரெதிர்.

அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 2006இல் சைமன் டாம் தொடங்கிய ராக் இசைக்குழு 'தி ஸ்லாண்ட்ஸ்'. ஆசியர்களின் கண்ணமைப்பைக் கேலி செய்யும் வசை அது. குழுவினரோ ஆசிய அமெரிக்கர்கள். பெயரை வணிகச் சின்னமாகப் பதியக் கேட்டபோது, இழிவுபடுத்தும் பெயர்களைப் பதியக் கூடாது என்ற 1946ஆம் ஆண்டுச் சட்ட விதியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். யாருடைய மானத்தைக் காக்க வேண்டிய விதியோ, அவர்களையே அது மறித்தது. 2017 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்ட எட்டு நீதிபதிகளும், அந்த விதி பேச்சுரிமைக்கு முரணானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

> வெளியார் வைத்த வசை எப்போது நம்முடையதாக இருந்தது, 'மீட்பதற்கு'?

இந்தக் கேள்வியை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். அது அவர் மக்களின் சொந்தப் பெயர். மற்றவர்கள்தான் அதை வசையாக்கினார்கள். அங்கே 'மீட்பு' அப்படியே பொருந்துகிறது, அடகில் இருந்த நகையை மீட்பது போல. ஸ்லாண்ட்ஸ் குழுவுக்குச் சொல் வெளியிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்தக் கேலியோடு சேர்ந்து அவர்களிடமிருந்து போனது, தங்களைத் தாங்களே பெயரிட்டு அழைக்கும் உரிமை. அதை மீட்டார்கள் என்று தாராளமாகச் சொல்லலாம். 'வசையேற்பு' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது தலைகுனிந்து வாங்கிக்கொள்வது போல ஒலிக்கிறது.

அப்புறம், சர்ச்சைக்குள்ளான எல்லாப் பெயர்களையும் இதே சொல்லுக்குள் அடைக்க வேண்டாம். இங்கிலாந்தின் 'ஜாய் டிவிஷன்' குழு, நாஜி முகாமில் பாலியல் அடிமைகளாக வைக்கப்பட்ட பெண்களின் பிரிவுக்கு ஒரு நாவல் தந்த பெயரை எடுத்துக்கொண்டது. நாஜி ஆதரவாளர்களோ என்ற சந்தேகம் எழுந்தது; அவர்கள் மறுத்தார்கள். 1980இல் பாடகர் இயன் கர்டிஸ் இறந்தபின் மற்றவர்கள் 'நியூ ஆர்டர்' (நாஜிகள் தங்கள் ஆட்சித் திட்டத்தைக் குறித்த சொல்) என்று பெயர் வைத்தபோதும் அதே சந்தேகம் கிளம்பியது. பெயரை மட்டும் வைத்து அவர்கள் அரசியலை முடிவுகட்டுவது தவறு. ஆனாலும் அந்தப் பெண்கள் பட்ட துன்பம் இசைக்குழுவினருடையது ஆகிவிடாது. கனடாவின் கால்கரியில் உருவான 'வியட் காங்' குழுவும் இப்படித்தான்; வியட்நாம் போரில் அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்ட கம்யூனிஸ்ட் கெரில்லாப் படையின் பெயர் அது. அந்தப் பெயரைக் கேட்டாலே போரின் நினைவு எழும் வியட்நாமியக் குடும்பங்கள் எதிர்த்தன. அறியாமல் வைத்துவிட்டோம் என்று குழுவினர் ஒப்புக்கொண்டு, 2016இல் 'ப்ரீஆக்குபேஷன்ஸ்' ஆனார்கள். இவற்றை 'இரவல் பெயர்' என்று தனியே வகைப்படுத்தலாம் என்பது என் கருத்து.

'வசைப்பெயர் மீட்பு' வினையாகவும் எளிதில் வளைகிறது: வசைப்பெயரை மீட்டார்கள், மீட்ட பெயர், பெயர் மீட்டவர்கள். தனியே 'மீட்பு' என்றால் தீயணைப்புத் துறை நினைவுக்கு வரும் என்பதால் முன்னால் வரும் 'வசைப்பெயர்' என்பதை விடக் கூடாது.

'இரவல் பெயர்' பற்றி மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அதில் எனக்கு இன்னும் முழு உறுதி வரவில்லை.